முதல் குண்டு சரியாகப் போகிறது, மற்றவை ஏன் சிதறுகின்றன?

பெர்த்தில் வேலை பார்க்கும் ஒரு சிங்கப்பூர்த் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, என்.எஸ். என்கிற தேசிய சேவையில் எஸ்.ஏ.ஆர் 21 ராணுவ ரைஃபிள் வைத்து மார்க்ஸ்மேன் ஆனவன் நான். இங்கே ஒரு கிளப்பில் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய பாணி ரைஃபிளைச் சுடத் தருகிறார். குழலின் வாய்வழியாக மருந்தும் உருண்டைக் குண்டும் போட்டு, அடிபட்டால் பொறி தரும் சிறு கேப் வைத்துச் சுடுவது. அரை அங்குலக் குழல். 50 மீட்டரில் முதல் குண்டு எப்போதும் நடுவில் விழுகிறது. அப்புறம் சுடுவதெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. சைட்டை மாற்றவா, மருந்தைக் கூட்டவா?"

தம்பி, இரண்டையும் இப்போது தொடாதீர்கள். முதல் குண்டு எப்போதும் நடுவில் விழுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. குறிபார்க்கும் சைட் தவறாக இருந்தால் எல்லாக் குண்டும் கூட்டமாக ஒரே பக்கம் விலகியிருக்கும். உங்கள் கை தவறியிருந்தால் சில நாள் முதல் குண்டும் கெட்டிருக்கும். முதல் குண்டு மட்டும் தவறாமல் நன்றாகப் போகிறது என்றால், அதற்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவில் குழலுக்குள் ஏதோ மாறுகிறது. மாறுவது கசடு.

நான் சிங்கப்பூர் ஜூரோங்கில் லேத், மில்லிங் என்று 20 ஆண்டுகளுக்கு மேல் உலோகத்தோடு வாழ்ந்தவன். நடுவில் ஆறு ஆண்டுகள் கம்பெனி என்னைப் பெர்த்துக்கு அனுப்பியது. அங்கேதான் இந்தத் துப்பாக்கிகள் மேல் எனக்கு ஆசை வந்தது. உங்களுக்கு நடப்பது அப்படியே எனக்கும் நடந்தது. மூன்று மாதம் சைட்டைத் தட்டித் தட்டி நகர்த்திக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதமும் வீண்.

எஸ்.ஏ.ஆர் 21-ல் பழகிய கைக்கு இந்த ரைஃபிள் ஏன் பிடிபடுவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். என்.எஸ்.ஸில் உங்களிடம் எண்ணிக் கொடுத்த 5.56 மில்லிமீட்டர் ரவுண்டு ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மருந்து, ஒரே எடைக் குண்டு, ஒரே இறுக்கம். அதையெல்லாம் தொழிற்சாலை பார்த்துக்கொண்டது. உங்களுக்கு மிச்சம் இருந்தது குறி, மூச்சு, ட்ரிகர். இந்த ரைஃபிளில் அந்தத் தொழிற்சாலை வேலை முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைக் குழலுக்குள்ளேயே செய்கிறீர்கள். ஐந்து தோட்டாவையும் ஒன்றுபோல் செய்தால் ஐந்தும் ஒரே இடத்துக்குப் போகும். நன்றாகக் கெட்டிக்க, அதாவது மருந்தும் குண்டும் ஏற்றத் தெரிந்தவர்தான் இதில் நன்றாகச் சுடுகிறார்.

சரி, கசடுக்கு வருவோம். கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இது எரியும்போது பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே நின்றுவிடுகிறது. கொஞ்சம் வெள்ளைப் புகையாக வெளியே போகும், மிச்சம் குழலின் உள்சுவரில் படியும். அடுத்த குண்டு அந்தப் படிவின் மேல் உராய்ந்துகொண்டு இறங்குகிறது. இறுக்கம் கூடுகிறது, குண்டு உட்காரும் ஆழம் மாறுகிறது, அழுத்தம் மாறுகிறது, வேகமும் மாறுகிறது. ஐந்தாவது குண்டை இறக்கும்போது, குண்டைத் தள்ளும் கோலை இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் ஐந்து வேறு வேறு குழலில் ஐந்து குண்டு சுடுகிறீர்கள் என்று அர்த்தம்.

பெர்த்தின் காற்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. நம் சிங்கப்பூரில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். அந்த ஈரத்தில் கசடு சேறு மாதிரி இளகியே கிடக்கும். பெர்த் கோடையின் காய்ந்த காற்றில் அது ஓடு மாதிரி இறுகிவிடும். காலையில் நன்றாகச் சுட்ட துப்பாக்கி மதியம் முரண்டு பிடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் குழலைத் துடையுங்கள். ஒரு பருத்தித் துணித்துண்டைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு போதும். அடிவரை ஒருமுறை இறக்கி, ஒரே சீராக இழுத்து, துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை. பிறகு ஒரு காய்ந்த துணி. ஈரம் சொட்டச் சொட்ட விடாதீர்கள், அது அடியில் போய்த் தேங்கி அடுத்த மருந்தை நமத்துப்போக வைத்துவிடும். துடைப்பதையும் எண்ணிச் செய்யுங்கள். ஒரு தடவை மூன்று துணி, அடுத்த தடவை ஒன்று என்று போனால் துடைத்தும் பயன் இல்லை. நேரம் போகிறதே என்று நினைக்காதீர்கள். பன்னாட்டுப் போட்டியிலேயே 13 குண்டுக்கு 30 நிமிடம் தருகிறார்கள், அதில் சிறந்த 10 தான் கணக்கு. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு குண்டுக்குக் கிடைக்கிறது.

இதை மட்டும் செய்தாலே உங்கள் தட்டு பாதியாகச் சுருங்கும் என்று நம்புகிறேன். மிச்சப் பாதி குண்டைச் சுற்றும் துணியில் இருக்கிறது.

குண்டைச் சுற்றி ஒரு துணி வைத்து இறக்குகிறீர்கள் அல்லவா? அரை அங்குலக் குழலுக்கு வழக்கமாக 0.490 அங்குலக் குண்டு. குழலைவிடக் குண்டு சிறிது. இடைவெளியை அடைப்பதும், குழலின் உள்சுவரில் சுருளாக ஓடும் புரியைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றுவதும், பின்னாலிருந்து வாயு ஒழுகாமல் தடுப்பதும் அந்தத் துணிதான். ஈயம் இரும்பைத் தொடுவதே இல்லை. இவ்வளவு வேலை செய்யும் துணியைப் பலரும் கையில் கிடைத்ததில் கிழித்துப் போடுகிறார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

துணி சுத்தப் பருத்தியாக, நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். தலையணை உறைக்குப் பயன்படும் கெட்டித் துணி நன்றாக உழைக்கும். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் சிங்கப்பூர் டெக்கா மாடிக் கடைகளில் துணியைத் தடவித் தடவிப் பார்த்து இரண்டு மீட்டர் வாங்கிப் போவேன். கடைக்காரர் பருத்தி என்று சொன்னாலும், ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவேன். பருத்தி சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி மணியாகத் திரளும். அப்படி உருகுவது குழலுக்குள் வேண்டாம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், துவைத்துக் காயவைத்த பிறகு கேலிப்பர் என்ற அளவுகருவியில் அழுத்திப் பிடித்துத் தடிமன் பாருங்கள். 0.015 அங்குலத்தில், அதாவது 0.38 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். அதற்கு மேல் 0.018 போட்டுப் பார்க்கலாம்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். ரேஞ்சில் சுடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று உறுதியானதும், துப்பாக்கி வாயிலிருந்து சில மீட்டர் முன்னால் போய்த் தரையைப் பாருங்கள். சுட்ட துணிகள் விழுந்து கிடக்கும். பொறுக்கி எடுத்து விரித்துப் பாருங்கள். குழலுக்குள் என்ன நடந்தது என்று அந்தத் துணி எழுதிக் காட்டும். நடுவில் குண்டு இருந்த இடம் வட்டமாகத் தெரிந்து, அதைச் சுற்றிப் புரியின் கோடுகள் சீராகக் கறுத்து, ஓரம் மட்டும் கொஞ்சம் பிசிறியிருந்தால் எல்லாம் நலம். இன்னொரு முறை போட்டுச் சுடலாம் போல முழுசாக இருக்க வேண்டும். கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை, வாயு ஒழுகுகிறது. புரிக் கோட்டின் மேலேயே கத்தி வைத்தது போல வரிசையாக வெட்டு இருந்தால், குழல் வாயின் விளிம்போ உள்ளே புரியின் முனையோ கூர்மையாக இருக்கிறது.

விளிம்பு கூர்மையாக இருப்பது புதுக் குழலில் சகஜம். பட்டறைக்காரன் என்கிற முறையில் சொல்கிறேன், இதற்கு இயந்திரம் வேண்டாம். நைசான எமரித் தாளைக் குழல் வாயில் வைத்து, கட்டைவிரல் சதையால் அழுத்திச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். குழலை அவ்வப்போது திருப்பி வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் மட்டும் தேயாது. விரல் சதை மெத்தென்று இருப்பதால் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக மழுங்கும். ஆனால் துப்பாக்கி நண்பருடையது. அவரிடம் கேட்காமல் தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

துணிக்குப் பசை எதைப் போடுவது என்று ஆளுக்கொரு பக்குவம் சொல்வார்கள். தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து உருக்கியது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆட்டுக் கொழுப்பும் பழைய வழக்கம். தேங்காய் எண்ணெயை நானும் முயன்றேன். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், மேலே போனால் தண்ணீராகிவிடும். பெர்த்தில் காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என்று நடந்துகொண்டதால் விட்டுவிட்டேன். எஞ்சின் எண்ணெய் போன்ற பெட்ரோலிய எண்ணெய்கள் வேண்டவே வேண்டாம், கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். 1857-ல் என்ஃபீல்ட் ரைஃபிளின் தோட்டாத் தாளில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சில் சிப்பாய்கள் கொதித்தெழுந்ததைப் பள்ளியில் படித்திருப்போம். அந்தத் தாளுக்குக் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. குண்டு தடையில்லாமல் இறங்கவும், கசடு இறுகாமல் இருக்கவும்தான். அதுவும் வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிள்தான். நீங்கள் இன்று துணியில் தடவும் பசைக்கும் அதே வேலை.

மருந்தின் அளவுக்கு இப்போது வரலாம். உங்கள் குழலுக்கு மணி நைசான மூன்று எஃப் ரக மருந்து பொருத்தம், பருமனான இரண்டு எஃப் ரகத்திலும் சிலர் நல்ல பலன் காண்கிறார்கள். 50 கிரெய்னில், அதாவது ஏறக்குறைய மூன்றேகால் கிராமில் தொடங்குங்கள். துப்பாக்கியை மணல் பையில் வைத்து ஐந்து குண்டு சுடுங்கள். பிறகு 55, 60, 65 என்று ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஓர் அளவில் கூட்டம் சுருங்கும், அதைத் தாண்டினால் மறுபடி விரியும். சுருங்கிய இடத்தில் நில்லுங்கள். குழலைச் செய்தவர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள், அந்த அளவுக்குப் பக்கத்தில் போகவும் காகித இலக்குக்குத் தேவை இருக்காது. அம்மா கண்ணளவில் உப்புப் போட்டாலும் குழம்பு சரியாக வரும். கருமருந்துக்குக் கண்ணளவு ஆகாது. அளவுக் குழாயில் கொட்டி, ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கையில் தட்டி, மேலே வழித்துவிடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். துணியையும் மருந்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு நாள், வெயில், அளவு, துணி எல்லாம் எழுதிவையுங்கள்.

குண்டு சுத்த ஈயமாக இருக்கட்டும். பழைய கார்ச் சக்கர எடைக்கட்டிகளை உருக்கி வார்த்தால் கடினமாக வரும், துணியின் நெசவு அதில் பதியாது. 0.490 அங்குலக் குண்டு ஏறக்குறைய 177 கிரெய்ன் எடை, பதினொன்றரை கிராம். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது, அதைத் தனியே வைத்துவிட்டு மறுபடி உருக்கலாம். வார்ப்பு வெட்டின தழும்பு மேலே, குழல் வாயின் நடுவில் தெரியும்படி வைத்து இறக்குங்கள்.

இறக்கும்போது கோலால் குத்தாதீர்கள். ஈயம் மெத்தானது, இரண்டு குத்தில் முகம் சப்பையாகிவிடும். ஒரே சீரான அழுத்தத்தில் மருந்தின் மேல் உட்கார வையுங்கள். துடைத்த குழலில் சரியான அளவு மருந்து போட்டுக் குண்டு உட்கார்ந்ததும், குழல் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோடுதான் உங்கள் காவல்காரன். அடுத்த குண்டில் கோடு மேலே நின்றால் குண்டு முழுதாக இறங்கவில்லை, அல்லது மருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. கீழே போனால் மருந்து குறைவு, அல்லது மருந்தே போடவில்லை. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும்.

பாதுகாப்பு விஷயத்தில் இன்னும் மூன்று சொல்ல வேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு பொறி மிச்சம் இருந்தால் கையிலிருக்கும் குடுவை முழுவதும் வெடிக்கும், அதனால் தனி அளவுக் குழாய்தான். நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இதில் போடக் கூடாது. கேப் வெடித்தும் சுடவில்லை என்றால் வாயை இலக்குப் பக்கமே நீட்டி ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள்.

சுடும் முறையில் உங்களுக்கு நான் அதிகம் கற்றுத்தர ஒன்றும் இல்லை, இரண்டு வித்தியாசத்தைத் தவிர. கேப் வெடித்து, நெருப்பு துளை வழியே போய், மருந்து பற்றி, குண்டு வாயை விட்டு வெளியேறும் வரை உள்ள நேரம் எஸ்.ஏ.ஆர் 21-ஐவிட நீளம். சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கியாக இருந்தால் இன்னும் நீளம், கண்ணுக்குப் பக்கத்திலேயே தீப்பொறியும் பறக்கும். ட்ரிகரை இழுத்ததும் தலையைத் தூக்கி இலக்கைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தத் துப்பாக்கி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். புகை கலையும் வரை கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காதீர்கள். இன்னொன்று, பழைய பாணிக் கட்டையின் பின்புறம் பிறை மாதிரி வளைந்திருந்தால் அதைத் தோள் குழியில் வைக்கக் கூடாது. தோளுக்கு வெளியே, கை தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும். தோள் குழியில் வைத்தால் பிறையின் முனை குத்தும், வலிக்குப் பயந்து உடம்பு தானாகவே சுருங்கும், குறி போகும். முதல் குண்டுக்கு முன்னால் வெறும் கேப்பை இரண்டு முறை வெடிக்க வையுங்கள். குழல் வாயை ஒரு புல்லுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு செய்தால், புல் அசைந்ததும் வழி திறந்திருக்கிறது என்று தெரியும்.

இதெல்லாம் கைக்கு வந்து, குண்டுகள் கூட்டமாக விழத் தொடங்கிய பிறகுதான் சைட். பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கம் குண்டு போகும். முன் சைட்டைத் தேய்த்துக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். தேய்த்ததை மறுபடி ஒட்ட முடியாது என்பதால் கணக்குப் போட்டுத் தேயுங்கள். இரண்டு சைட்டுக்கும் நடுவில் 80 சென்டிமீட்டர், 50 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் தாழ்வாக விழுகிறது என்றால், தேய்க்க வேண்டியது 0.8 மில்லிமீட்டர்தான். அதிலும் பாதி தேய்த்துச் சுட்டுப் பார்த்துவிட்டு மீதியைத் தேயுங்கள். பித்தளை முன் சைட் வெயிலில் ஒரு பக்கம் மின்னினால் கண் ஏமாறும். மெழுகுவத்திச் சுவாலையில் காட்டிக் கரி பிடிக்க வைத்தால் முனை தெளிவாகத் தெரியும். துப்பாக்கியில் மருந்து ஏற்றும் முன்பே, மருந்தை எங்கோ தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சுட்ட அன்றே கழுவுங்கள், மறுநாள் வேண்டாம். கசடில் இருக்கும் பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். என்.எஸ்.ஸில் ஆம்ஸ்கோட் என்ற ஆயுத அறையில் திருப்பிக் கொடுக்கும் முன் எப்படித் துடைத்தீர்களோ அந்த அக்கறை வேண்டும், ஆனால் இங்கே முதலில் சுடுதண்ணீரும் சோப்பும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். அடுத்த முறை சுடும் முன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தெடுங்கள். உங்கள் முதல் குண்டு நடுவில் விழுகிறது என்பதால் நண்பர் இதை ஒழுங்காகச் செய்துதான் தருகிறார் என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். துப்பாக்கி, அதன் பாகம், மருந்து, கேப் எதையும் போலீஸ் அனுமதி இல்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டு வர முடியாது. நினைவுக்கு ஒரு குண்டு என்று பையில் போட்டுக்கொண்டும் வந்துவிடாதீர்கள். இங்கே இருக்கும்போது பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றால், முறையான கிளப்பில் ஏர் ரைஃபிள் சுடுங்கள். அதன் குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள் இருக்கும் நேரம் அதிகம், சுட்ட பிறகும் அசையாமல் நிற்கும் பழக்கத்தை அது நன்றாக வளர்க்கும்.

வரும் சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனால் சைட், மருந்து எதையும் மாற்றாமல், குண்டுக்குக் குண்டு துடைத்து மட்டும் பத்து சுடுங்கள். தரையில் கிடக்கும் துணிகளைப் பொறுக்கி, எத்தனையாவது குண்டினுடையது என்று தெரிந்ததையெல்லாம் குறித்து, வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். துணியைப் பார்த்துவிட்டு அடுத்து 0.018-க்குப் போகலாமா, மருந்தை ஏற்றலாமா என்று சொல்கிறேன்.